எதிர்ப்பக்கம்

மெஷினோடு பழகுவதற்கு ஒரு படிப்பா என்று கேட்டது அம்மா. கையில் ஒரு சட்டை. நைந்துபோன காலரைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பகலில் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்தார் சட்டைகளின் காலர்.

மகள் விளக்கிச் சொன்னாள். கணினி மட்டுமில்லை, மனிதர் கைவைக்கும் எந்தக் கருவியும் அதில் அடக்கம். பட்டன் எங்கே இருக்க வேண்டும், திரையில் எது முதலில் கண்ணில் பட வேண்டும், ஓர் ஆள் ஏன் தவறாக அழுத்துகிறார் என்று ஆராய்கிற படிப்பு. வேறு ஊரில். இரண்டு வருடம்.

"அப்போ மனுஷங்க கூட எப்படிப் பழகறதுன்னும் ஒரு படிப்பு இருக்கும்," என்றாள் அம்மா. "விசாரிச்சு வை. உங்கப்பாவச் சேத்து விடலாம்."

அப்பா பின்கதவுப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காதில் விழும் தூரம்தான். போன வருடமாக இருந்தால், என்னைச் சேர்த்துவிட்டு நீ யாரோடு சண்டை போடுவாய் என்று அங்கிருந்தே கேட்டிருப்பார். இப்போது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

அவர் கிரேன்காரர். அப்படித்தான் தெருவில் சொல்வார்கள். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் இருபது வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டினார். தகரக் கூரைக்குக் கீழே இரண்டு சுவர்களின் உச்சியிலும் தண்டவாளம் இருக்கும். அதன்மேல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஓர் இரும்புப் பாலம் ஓடும். பாலத்திலிருந்து கொக்கி தொங்கும். பாலத்தின் ஒரு மூலையில் கண்ணாடி வைத்த கூண்டு. அப்பா காலையில் ஏணியேறி அதற்குள் போனால் சாப்பாட்டு மணிக்குத்தான் இறங்குவார். மேலே சூடு அதிகம். உலையின் புகை முதலில் அங்கேதான் வரும். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்.

மகள் சிறுமியாக இருந்தபோது ஒரு விடுமுறை நாளில் அவளை மேலே கூட்டிப்போயிருக்கிறார். அவர் மடியில் உட்கார்ந்து பார்த்தாள். அப்பாவின் இரண்டு கைகளும் நெம்புகோல்களை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தன. அப்பா கைகளைப் பார்க்கவே இல்லை. கண் கீழேயே இருந்தது. பார்க்காமலே கை எப்படிச் சரியாகப் போகிறது என்று அவள் கேட்டாள். சோறு சாப்பிடும்போது வாயைத் தேடுகிறாயா என்றார்.

பிறகு அவள் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் சேர்ந்தாள். மதிப்பெண்ணுக்கு வேறு கிடைத்திருக்கும். ஏன் இது என்று விண்ணப்பம் போடும் நாளில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கீழே சங்கிலி கட்டுகிறவர் அப்பாவின் சிநேகிதர். வார்ப்பு இரும்பைச் சங்கிலியால் பிணைத்துக் கொக்கியில் மாட்டுவது அவர் வேலை. பெயரே கொக்கி ஆகிவிட்டது. அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள். மகளுக்குக் கொக்கி சித்தப்பா. யாராவது புதிய ஆள் இவ்வளவு பெரிய எடைக்குக் கீழே நிற்கிறீர்களே, பயமில்லையா என்று கேட்டால், மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று கூண்டைக் காட்டுவார். பட்டறையே சிரிக்கும். ஒவ்வொரு முறையும் சிரிக்கும்.

மணி அடித்ததும் அப்பா இறங்கி வருவார். வெளியே தண்ணீர்த் தொட்டியருகே கவிழ்த்துப்போட்ட இரண்டு அச்சுப்பெட்டிகள்மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கொக்கியின் டப்பாவில் எப்போதும் அவித்த முட்டை. அப்பாவுக்கு மஞ்சள்கரு பிடிக்காது, கொக்கிக்கு வெள்ளைக்கரு பிடிக்காது. ஆகவே முட்டை இரண்டாகப் பிரியும். பேச்சு அதிகம் இருக்காது என்று அம்மா சொல்வாள். ஒருமுறை சாவி வாங்கப் போனவள் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். இரண்டு எருமை நிழலில் நிற்பது போல இருந்தது என்றாள்.

பிறகு கம்பெனி கூண்டைக் கழற்றிவிட்டது. பெல்ட் வைத்த ஒரு மஞ்சள் பெட்டி வந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டு தரையில் நடந்தபடியே கிரேனை ஓட்டலாம். மேலே, கீழே, நான்கு திசைக்கும் அம்பு போட்ட பட்டன்கள். பெட்டியை விற்ற கம்பெனியின் ஆள் வந்து ஒரு காலை முழுவதும் சொல்லிக்கொடுத்தார். பெரிய வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து அப்பாவும் அங்கேயேதான் நின்று ஓட்டினார். வெயில் காலத்தில் வாசல் பக்கம் காற்றும் வரும்.

விபத்து நடந்த நாளில் மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள். கொக்கி சித்தப்பாவின் கால் போய்விட்டது என்று அம்மா போனில் சொன்னாள். முழங்காலுக்குக் கீழே. போனை வைக்கும் முன், உங்கப்பாதான் கிரேன் ஓட்டினது என்றாள்.

விசாரணையில் அப்பா தன் தவறு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவரைக் கருவி அறைக்கு மாற்றினார்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைக்கிற வேலை. ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் போனார். வார்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். கொக்கி வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. அடுத்த தெருதான். அம்மா போனாள், சமைத்து எடுத்துக்கொண்டு பல தடவை போனாள். திரும்பி வந்து என்ன பேசினார்கள் என்று சத்தமாகச் சொல்வாள், அறைக்குள் இருக்கிற அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்று.

மகள் ஒரே ஒரு தடவை கேட்டாள். எப்படி நடந்தது என்று.

"தப்பா அழுத்திட்டேன்," என்றார்.

அவளால் அதை அப்படியே விட முடியவில்லை. கையைப் பார்க்காமல் இருபது வருடம் ஓட்டியவர். விடுமுறைக்கு வந்தபோது மற்ற ஷிஃப்ட்டின் கிரேன்காரரைப் பார்க்கப் போனாள். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார். அன்றைக்குப் பெரிய வாசலில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து அடைத்துக்கொண்டு நின்றது. நிற்க இடமில்லாமல் அப்பா உலைப்பக்கம் போய் நின்றார். வாசலைப் பார்த்தபடி. கொக்கி சித்தப்பா, தொங்குகிற வார்ப்பை ஒரு கையால் ஆடாமல் பிடித்துக்கொண்டு, அதற்கும் அடுக்கியிருந்த வார்ப்புகளுக்கும் நடுவில் நின்றார். இடைவெளி குறைவாக இருப்பதைப் பார்த்து, அப்பா எடையை வலப்பக்கம் தள்ளப் பார்த்தார். சித்தப்பாவைவிட்டு விலக்கத்தான். வலப்பக்க அம்பை அழுத்தினார். எடை இடப்பக்கம் போனது.

மகளுக்கு அங்கே நின்றபடியே விளங்கிவிட்டது. பெட்டியின் வலது என்பது வாசலில் நிற்கிறவரின் வலது. எதிர்ப்பக்கம் போனால் ஆளின் வலது மாறிவிடும், பெட்டிக்கு அது தெரியாது. கூண்டில் இருந்தவரை இந்தச் சிக்கல் இல்லை. கூண்டும் பாலமும் சேர்ந்தே ஓடின. அவர் எந்தப் பக்கமும் திரும்பி நிற்கத் தேவையில்லாமல் இருந்தது.

கல்லூரிக்குத் திரும்பி ஒரு சின்ன வண்டியும் பட்டன் வைத்த பெட்டியும் செய்தாள். ஆய்வக மேசைமேல் வைத்து வகுப்பில் உள்ளவர்களை அழைத்து ஓட்டச் சொன்னாள். ஒரு பக்கம் நின்று எல்லோரும் சரியாக ஓட்டினார்கள். மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றதும் தடுமாறினார்கள். மெதுவாக ஓட்டு என்றால் தப்பு குறைந்தது. அவசரம் என்றால் கூடியது. தவறாகப் போகிறது என்று தெரிந்ததும் பாதிப் பேர் விரலை எடுக்கவில்லை, அதே பட்டனை இன்னும் பலமாக அழுத்தினார்கள். வண்டி மேசை விளிம்பிலிருந்து விழும்போது எல்லோரும் சிரித்தார்கள். அவள் வண்டியை எடுத்துத் திரும்ப வைத்தாள்.

மேற்பார்வை செய்த பேராசிரியர் நல்லவர். மெக்கானிக்கல் சேர்ந்துவிட்டு மனிதனை ஆராயப் போகிறாயா என்று கேட்டார். மனிதனுக்கு ஸ்பேர் பார்ட் கிடைக்காதம்மா என்றார். பிறகு அவரே நூலகத்தில் எந்த அலமாரி என்று சொன்னார். அந்த அலமாரிப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். அந்த ஆண்டு மாலைகளை அவள் அங்கேயே கழித்தாள். விமானிகள், மருத்துவமனைக் கருவிகள், ரயில் சிக்னல் அறைகள். எல்லாப் புத்தகத்திலும் யாரோ ஒருவர் தப்பாக அழுத்தியிருந்தார்.

மழைக்காலத் தொடக்கத்தில் அந்த வண்டியையும் பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மா தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளி மேசையைக் காலி செய்து கொடுத்தாள். அப்பா சாப்பிட்டு எழுந்த நேரம். கொஞ்சம் இதை ஓட்டிப் பாருங்கள் என்றாள் மகள். அவர் கை துடைத்துக்கொண்டு வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. பெட்டியைக் கையில் வாங்கிய விதத்தைப் பார்த்து அம்மா அடுப்படிக்குப் போகாமல் நின்றாள்.

வண்டி வலப்பக்கம் போனது. நின்றது. இடப்பக்கம் வந்தது. வண்டியின் மேல் வைத்திருந்த பென்சில்கூட அசையவில்லை.

இப்போது இந்தப் பக்கம் வாருங்கள் என்றாள்.

அவர் மேசையைச் சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் நின்றார். பெருவிரல் பட்டன்மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. வீட்டுத் தகரக் கூரைமேல் தூறல் சத்தம். அவர் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

மகள் வேகமாகச் சொன்னாள். பட்டறையில் உள்ள யார் அங்கே நின்றிருந்தாலும் அதையேதான் அழுத்தியிருப்பார்கள் என்றாள். வகுப்பில் எத்தனை பேர் தடுமாறினார்கள் என்றாள். சுவர்களில் ஒன்றுக்கு நீலமும் ஒன்றுக்கு மஞ்சளும் அடித்து, பட்டனிலும் அதே நிறத்தை வைத்திருந்தால் வலது இடது என்ற பேச்சே வந்திருக்காது என்றாள். அது பெட்டியைச் செய்தவர்களின் தவறு. உங்கள் தவறே இல்லை.

"ஒரு டப்பா பெயின்ட்ல போயிருக்கும்ங்கற," என்றார் அப்பா.

சொல்லச் சொல்ல அவர் முகம் இலகும் என்று நினைத்திருந்தாள்.

"அந்த மஞ்சப் பெட்டில சிவப்பா ஒரு பட்டன் இருக்கு, தெரியுமில்ல? எல்லாத்தையும் நிறுத்தறதுக்கு. கட்டை விரலுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. ஏன் அழுத்தலன்னு விசாரணையில கேட்டாங்க. தெரியலன்னுட்டேன்." அவர் வண்டியின் மேலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் கிடத்தினார். "நிறுத்தணும்னு எனக்குத் தோணவே இல்லம்மா. நான் அவனக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்னுல்ல நெனச்சேன்."

பிறகு அந்தச் சாமானை வீட்டுக்குள் வைக்க வேண்டாம் என்றார். அவள் அதைப் பைக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் அதை விடுதிக்கு எடுத்துப் போய்விட்டாள்.

அந்தப் படிப்புக்கான நேர்காணல் கணினித் திரை வழியாக நடந்தது. அந்த வாரம் விடுதியில் மின்சாரம் இல்லை என்பதால் வீட்டுக்கு வந்து பேசினாள். தையல் மேசைமேல் கணினி. திரையில் மூன்று பேர், மூன்று கட்டங்களில். நல்ல மழை. தகரக் கூரையில் விழும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

எஞ்சினியரிங் மாணவிக்கு இந்தத் துறையில் எப்படி ஆர்வம் வந்தது என்று நடுக்கட்டத்திலிருந்த பெண்மணி கேட்டார். அவள் தயாரித்து வைத்திருந்ததை விட்டுவிட்டுக் கிரேனைப் பற்றிச் சொன்னாள். கூண்டு, பெட்டி, லாரி, எதிர்ப்பக்கம். தங்குதடையில்லாமல் வந்தது. எங்கே நிறுத்தினால் அவர்கள் முன்னால் சாய்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் நிறுத்தினாள். அவர்கள் சாய்ந்தார்கள்.

ரொம்ப நல்ல உதாரணம் என்றார் அந்தப் பெண்மணி. மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

கணினியை மூடித் திரும்பியபோது அப்பா உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மழையால் வேலையிலிருந்து சீக்கிரம் வந்திருந்தார். சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. எப்போது வந்தார் என்று அவளுக்குத் தெரியாது.

"நல்லாப் பேசின," என்றார்.

அவள் நின்றாள்.

"நம்ம கொக்கி காலு உதாரணமாயிடுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேறு சட்டை எடுக்கப் போனார். மகள் மேசையை ஒதுக்கித் தையல் மெஷினைத் திரும்ப அதன் இடத்துக்கு நகர்த்தினாள். மாலையில் அம்மா வந்து, ஏன் வீடு இப்படி இருக்கிறது என்று கேட்டாள். எப்படி இருக்கிறது என்று மகள் கேட்டாள். அம்மா ஈரக்குடையை மூலையில் சாய்த்தாள்.

இடம் கிடைத்தது. உதவித்தொகையும் உண்டு. பக்கத்து வீட்டில் இனிப்பு கொடுத்தாள் அம்மா. என்ன படிப்பு என்று கேட்டவர்களிடம் கம்ப்யூட்டர் என்றாள், மேலே கேட்டவர்களிடம் பெரிய கம்ப்யூட்டர் என்றாள். அப்பா கருவி அறையிலிருந்து ஒரு நல்ல பூட்டு வாங்கி வந்து அவள் பயணப் பெட்டிக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு முறை பூட்டித் திறந்தார். கிளம்பும் நாளில் ரயிலடிக்கு வருகிறேன் என்றார். அவ்வளவுதான்.

போவதற்கு முதல்நாள், கொக்கி வீட்டில் சொல்லிக்கொண்டு வா என்றாள் அம்மா. மகள் தயங்கினாள். அவர்கிட்ட கேக்காம அவர் கதைய ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சுதில்ல, நேர்ல போய்ச் சொல்லு என்றாள் அம்மா.

மதியம் போனாள். மழை விட்டுச் சாக்கடை நிறைந்து ஓடியது. சித்தி வேலைக்குப் போயிருந்தாள். கதவைத் தட்டியதும் உள்ளே டிவி நின்றது. ஊன்றுகோல் சத்தம் வர நேரமானது.

"வா கண்ணு. செருப்ப விட்டுட்டு வா. இல்ல, ஒண்ண மட்டும் எனக்குக் குடுத்துட்டு வா. கடையில ஒத்தச் செருப்பு தரமாட்டேங்கறான்."

அவள் சிரிக்கலாமா என்று பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தாள்.

அறை சின்னது. கட்டில், டிவி, சுவரோரம் செயற்கைக் கால். அதற்கு ஒரு சாக்ஸும் போட்டிருந்தது. மாட்டினால் புண்ணாகிறது என்றார். சாப்பாட்டுத் தட்டு பாதிச் சோற்றோடு தரையில் இருந்தது. அவள் அதைப் பார்ப்பதைப் பார்த்து, மூடி வைத்தார்.

"காலு போனது பழகிடுச்சும்மா. மத்தியானம் தனியா சாப்பிடறதுதான் பழகல. எப்பவும் பாதிலயே எந்திரிச்சிடறேன்."

படிப்பைப் பற்றிக் கேட்டார். சொன்னாள். நேர்காணலில் என்ன பேசினாள் என்பதையும் சொன்னாள். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் சித்தப்பா என்றாள்.

"சொல்லிக்கோ. என் கால வச்சு ஒருத்தி நடந்து போறான்னு இருக்கட்டும்."

பெட்டியைப் பற்றி அவருக்கும் விளக்கினாள். வலது எப்படி இடதாகிறது என்று கையால் காட்டினாள். அவர் கவனமாகக் கேட்டார். தலையசைத்தார். அப்படித்தான் இருக்கும் என்றார். அப்பா மேல் தவறில்லை என்று தனக்கு அப்போதே தெரியும் என்றார். அவள் எழுந்திருக்கப் போனாள்.

"உக்காரு," என்றார். "எல்லாம் கேட்ட. நான் என்ன பண்ணேன்னு கேக்கலயே."

அவள் உட்கார்ந்தாள். உண்மைதான். பெட்டி, லாரி, அப்பா நின்ற இடம் எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்திருந்தாள். அந்தப் படத்தில் கொக்கி ஒரு சின்ன வட்டம்.

"உங்கப்பன் மேல கூண்டுல இருந்தப்போ சத்தம் போட்டாக் கேக்காது. கைதான் பேச்சு." அவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். "இப்படின்னா எறக்கு. இப்படின்னா தள்ளு. இப்படி மூடித் தூக்கினா நிறுத்து." முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "இத்தன வருஷத்துல நான் கைய மூடித் தூக்கி அது நிக்காமப் போனதே கிடையாது. ஒரு தடவகூட. அவன் கண்ணு எப்பவும் என் கையிலயே இருக்கும். பெட்டி வந்துச்சு, அவன் கீழ வந்துட்டான். பக்கத்துல நின்னு அவனே பாத்துக்கறான், அப்புறம் என் கை எதுக்கு? சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துப் போனார்கள்.

"அன்னைக்கு அது என் பக்கமா வருதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. தாண்டிக் குதிக்க நேரம் இருந்துச்சு. ரெண்டு அடி. குதிக்கல. கையத் தூக்கினேன்." அவர் முஷ்டி இப்போது மடியில் இருந்தது. "கையத் தூக்கிக்கிட்டே நின்னேன். அது நின்னுடும்னு. அவன் என்னைப் பாக்கல. காலுக்கும் வார்ப்புக்கும் நடுவுல இருந்த இடுக்கையே பாத்துக்கிட்டு இருந்தான். அங்கதான் பாக்கணும், தப்பில்ல. நான்தான் பழைய ஆளாட்டம் நின்னுட்டேன்."

அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

"இத அவங்கிட்டச் சொல்லிடாத. பட்டன் தப்புன்னா தாங்கிக்குவான். நான் அவன நம்பி நின்னேன்னு தெரிஞ்சா செத்துடுவான்."

பிறகு ஊன்றுகோலைத் தேடினார். வாசல்வரை வந்தார். உங்கப்பன் எப்படி இருக்கான் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றாள். ஒல்லியாயிட்டான்னு உங்கம்மா சொன்னாளே என்றார். டிவி திரும்பவும் ஓடத் தொடங்கியது அவளுக்குத் தெருமுனைவரை கேட்டது.

சாயந்திரம் அப்பா வேலையிலிருந்து வந்தார். கை கால் கழுவினார். அம்மா அடுப்பில் சோறு வைத்திருந்தாள். மகள் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து வெகுநாள் ஆயிற்று.

"போனியாமே."

"போனேன்பா."

"என்ன சொன்னான்?"

ஒற்றைச் செருப்பைப் பற்றிச் சொன்னாள். அவர் உதடு அசைந்தது, சிரிப்பு வரவில்லை. அவள் ஒரு சட்டையை மடித்து, மடித்தது சரியில்லாமல் உதறித் திரும்ப மடித்தாள்.

"நீ அந்தப் பட்டன் கதையச் சொன்னியே," என்றார். "நல்லாத்தான் யோசிச்சிருக்க. ஆனா எனக்கு அது இல்லம்மா. என்ன பட்டன்னு நான் யோசிக்கறதே இல்ல." குனிந்து தன் கைகளைப் பார்த்தார். "அவன் ஏன் நகரல? நேரம் இருந்துச்சு. எத்தனையோ தடவ குதிச்சுத் தாண்டினவன். ரெண்டே அடி. ஏன் மரமாட்டம் நின்னான்?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"எனக்கு அவன்மேல கோவம். காலு போனவன் மேல எனக்குக் கோவம். அந்த வீட்டுக்குப் போனா அதத்தான் கேட்டுடுவேன். ஏண்டா நின்னன்னு. அதுக்குத்தான் போகல. கேக்கற கேள்வியா அது?"

பதில் அவளிடம் இருந்தது. மதியத்திலிருந்து இருந்தது. அதைச் சொன்னால் அந்தக் கோபம் போய்விடும். அதன் இடத்தில் வந்து உட்காருவது எதுவோ அது ஆயுளுக்கும் எழுந்திருக்காது. சொல்லாவிட்டால் அவள் நாளைக்கு ரயிலேறிவிடுவாள், இவர் இந்த நாற்காலியிலேயே இருப்பார். இருவரும் அவளை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

"அவரையே கேளுங்கப்பா," என்றாள்.

"கேக்கலாமா?"

"கேளுங்க."

"அழுதுட்டான்னா?"

"எனக்குத் தெரியாது."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு ஏதோ தெரியும் என்று கண்டுகொண்டாரா என்பது தெரியவில்லை. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. பிறகு எழுந்து, ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கூட வரட்டுமா என்று அவள் கேட்டாள்.

"நீ வேணாம்," என்றார்.

சோறு ஆகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. அவர் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தார். அம்மா வாசலுக்கு வந்து அவர் போவதைப் பார்த்தாள். என்ன சொன்னாய் அவரிடம் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றாள் மகள்.

இருவரும் காத்திருந்தார்கள். பிறகு பசியெடுத்தது. அம்மா இரண்டு தட்டு போட்டாள். மழை திரும்ப ஆரம்பித்திருந்தது. அவர் குடை எடுத்துப் போகவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று அம்மா எழுந்தாள். வேண்டாம் என்றாள் மகள். அம்மா மறுபடி உட்கார்ந்து, மகளின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

கொக்கி சொல்வாரா, மறைப்பாரா, அப்பா கேட்பாரா, வாசலிலிருந்தே திரும்பிவிடுவாரா, அவளுக்குத் தெரியாது. அந்தச் சின்ன அறையில் இப்போது இரண்டு பேர் இருக்கலாம். மூன்றாவது ஆளுக்கு அங்கே இடமில்லை. அவள் குனிந்து சாப்பிட்டாள். அம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாளைக்கு இந்நேரம் நீ எங்கே சாப்பிடுவாய் என்று கேட்டாள்.